நான் இறங்காத ஊர்

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "கடற்கரையெல்லாம் அழகாகத்தானே இருக்கிறது, இந்த ஆளுக்கு ஏன் இத்தனை வயிற்றெரிச்சல்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். டாக்டருக்குப் படிக்க ஆஸ்திரேலியாவில் எத்தனையோ ஊர் இருக்க, என் மகள் நிலக்கரி ஏற்றுகிற ஒரு துறைமுகத்து ஊரைப் போய்ப் பிடித்தாள். அந்த வயிற்றெரிச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கப்பல் எஞ்சினியர். ராயபுரத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகத் தொடங்கி, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, அதில் இரண்டு முறை ஊத்திக்கொண்டு, கடைசியில் தலைமை எஞ்சினியர் வரை வந்தவன். வீடு திருவொற்றியூர். எனக்கு வாய்த்ததெல்லாம் நிலக்கரிக் கப்பல்கள். ஆஸ்திரேலியாவில் ஏற்றி ஜப்பானிலோ கொரியாவிலோ கொட்டுவோம். சில நடையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எண்ணூர்த் துறைமுகத்திலேயே கொண்டுவந்து கொட்டுவோம். எண்ணூரில் கிளம்புகிற தூள் காற்றோடு வந்து எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காய்கிற துணியில் உட்காரும். விடுப்பில் வீட்டிலிருக்கும்போது என் மனைவி லுங்கியை என் மேலேயே விட்டெறிந்திருக்கிறாள். "உன் சரக்குதான்யா இது. நீயே தோச்சுக்க."

அந்த ஊருக்குப் பதினான்கு முறை போயிருக்கிறேன். வீட்டில் அப்படித்தான் சொல்வேன், உறவில் அப்படித்தான் சொல்வேன். கல்யாண வீட்டில் யாராவது ஆஸ்திரேலியா என்று வாயெடுத்தால், "நான் பதினாலு தபா போயினு வந்தவன்" என்று குறுக்கே புகுந்து உதார் விடுவேன். நடந்தது என்னவென்றால், எங்கள் கப்பல் கரைக்கு வெளியே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். எங்களுக்கு முன்னால் வந்த கப்பல்கள் எல்லாம் ஏற்றி முடிக்க வேண்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். முறை வந்ததும் கரையிலிருந்து மைல் கணக்கில் கடலுக்குள் நீண்டிருக்கிற ஒரு பாலத்தின் முனையில் கட்டுவார்கள். பெல்ட் ஓடும், கரி கொட்டும், ஒன்றரை நாளில் கிளம்பு என்று துரத்திவிடுவார்கள். அந்த ஒன்றரை நாளில்தான் எஞ்சின் ரூமில் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் என் தலையில் விழும். ஒரே ஒரு முறை குளித்து, சட்டை மாற்றி, ஏணியில் இறங்கி, பாலத்தின் முனையிலேயே இருந்த காவல் கேட் வரை போனேன். ஊருக்குப் போகிற வேன் இப்போதுதான் போனது, அடுத்தது வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றான் காவலாளி. எனக்கு இருந்ததே ஒன்றரை மணி நேரம். அவனையும் வேனையும் திட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பதினான்கு முறை போன அந்த ஊரின் மண்ணை நான் மிதித்ததே இல்லை. சாயங்காலத்தில் கரையோரம் விளக்குகள் வரிசையாகத் தெரியும். நான் பார்த்த ஊர் அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. கரையிலிருந்து போன் சிக்னல் கப்பல் வரைக்கும் வரும். துறைமுக ஏஜென்ட் சிம் கார்டு கொண்டுவந்து கொடுப்பான். மற்ற துறைமுகங்களில் ஒரு நாள், இரண்டு நாள். இங்கேதான் வாரக்கணக்கில் சும்மா நின்றோம். அதனால் என் மகளோடு நான் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் அந்த ஊருக்கு வெளியே நங்கூரத்தில் நின்றுகொண்டு பேசியதுதான்.

அவளுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது. திருவொற்றியூர் டோல்கேட் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தினம் ஊசி. மூன்றாவது நாள் நர்ஸின் கையைக் கடித்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் போன் செய்தபோது என் மனைவி ஹலோகூடச் சொல்லவில்லை.

"உன் பொண்ணு அந்த நர்ஸம்மா கைய கடிச்சு வச்சிட்டாய்யா. ரத்தமே வந்துடுச்சு. நாளைக்கு வரமாட்டேன்னு கட்டிலுக்கு அடியில பூந்துகினு கீறா. நீயே பேசு, எனக்கு ஆவல."

போனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்க வேண்டும். மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நைனா, ஊசி வலிக்குது. நான் போமாட்டேன்."

அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் பாய்லர் குழாயில் ஓர் ஓட்டை. கையெல்லாம் கிரீஸ். தூரத்தில் அந்த ஊரின் விளக்குகள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நான் இப்ப கீற ஊர்ல ஒரு டாக்டரம்மா கீறாங்க. அவங்க ஊசி போட்டா வலிக்கவே வலிக்காது."

"ஏன் வலிக்காது?"

"மலை மேல ஆஸ்பத்திரி. ஜன்னல்ல கடல் தெரியும். புள்ளைங்க கடலைப் பாக்கச்சொல்ல டக்குனு போட்டுடுவாங்க. நீயும் நாளைக்கு அப்படி எங்கனா பாத்துக்கோ."

மறுநாள் அவள் கிளினிக் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அடுத்த போனில் முதல் கேள்வியே, "அந்த டாக்டரம்மா இன்னிக்கு இன்னா பண்ணாங்க?" என்று வந்தது. பிறகென்ன, ரீல்தான். டாக்டரம்மா குட்டி விமானத்தில் ஏறித் தூரத்துப் பண்ணை வீடுகளுக்குப் போவார். ஆடு மேய்ப்பவனின் உடைந்த விரலுக்குக் கட்டுப்போடுவார். புயல் மழையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு விடிகாலை டீயைக் குடித்துக்கொண்டே விமானத்தில் திரும்புவார். ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற பழைய பத்திரிகை ஒன்றில் அப்படி விமானத்தில் போகும் டாக்டர் ஒருவரின் படம் இருந்தது. நான் கையாண்ட உண்மை அந்தப் படம் ஒன்றுதான்.

இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கப்பலில் வேலை செய்கிறவன் எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போன் செய்து பாய்லர் குழாயைப் பற்றி எவன் பேசுவான்? அவளுக்குப் பதிமூன்று வயது ஆனபோது கேட்பதை நிறுத்திவிட்டாள். போனை எடுத்தால் "ம்", "ஆங்", "அம்மாவாண்ட குடுக்கறேன்" என்று முடிந்துவிடும். மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருஷம் நீட் எழுதினாள். இரண்டு முறையும் அரசுக் கல்லூரி மயிரிழையில் கைநழுவியது. அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியா என்ற பேச்சு வந்தது. அதற்கும் தேர்வு, அதற்கும் நேர்முகம், எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். நான் அப்போது கடலில். விடுப்பில் வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, இரண்டு கடிதங்களைப் போன் திரையில் காட்டினாள். ஒன்று பெரிய நகரத்துக் கல்லூரி, பெயரைச் சொன்னாலே தெரியும். இன்னொன்று அந்த ஊர்.

"ரெண்டும் கிடைச்சிடுச்சு நைனா. நான் இந்த ஊருக்குத்தான் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒத்துக்கினேன்னு அனுப்பணும்."

அந்தக் கரி கொட்டுகிற ஊரில் கல்லூரி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"போயும் போயும் அதா? இன்னா புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். அது ரீஜனல் கல்லூரி. பெருநகரங்களுக்கு வெளியே டாக்டர் கிடைக்காத ஊர்களுக்காகவே நடத்துகிறார்கள். வகுப்பில் கொஞ்சம் பேர்தான். முதல் வருஷத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு குட்டிக் குட்டி ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி வேலை பழக வேண்டும். "சிட்டில ஒரு பேஷண்டைச் சுத்திப் பத்து பேர் நின்னு எட்டிப் பாக்கணும் நைனா. இங்க நானே கையால பாக்கலாம்."

விஷயம் என் மனைவியின் அண்ணன் காதுக்குப் போனது. அவர் அண்ணா நகர்வாசி. எங்கள் வீட்டுக்கு வரும்போது டோல்கேட் தாண்டியதும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிற ஜாதி. "இந்த ஏரியாவை விட்டு வெளிய வாங்க மாப்ளே" என்று இருபது வருஷமாக ஓதுகிறவர். அன்றைக்கும் வந்து நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ரீஜனல்னா என்ன மாப்ளே? நம்ம மொஃபசல் காலேஜ் மாதிரியா? அதுக்கு ஏன் ஆஸ்திரேலியா வரைக்கும் போகணும்? நாளைக்கு எந்தக் காலேஜ்னு கேட்டா நான் நாலு பேர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அந்த ஆளும் நானும் ஒரே பக்கம் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் வாயிலிருந்து கேட்டபோது என் வாதமே எனக்குக் குமட்டியது. ஆனாலும் விடவில்லை.

"மச்சான் சொல்றது சரிதான். நான் அந்த ஊருக்குப் பதினாலு தபா போனவன். அது ஊரே இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் இழுத்து மூடிடுவான். தெருவுல ஈ காக்கா இருக்காது. எங்க பாத்தாலும் கரித் தூளு. நம்ம எண்ணூருதான், ஆனா ஜனம் இல்லாத எண்ணூரு."

என் மனைவி இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "அவரு பதினாலு தபா போயினு வந்தவருடி. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? இந்தத் தூளைத் தொடச்சுத் தொடச்சு எனக்குக் கை தேஞ்சு போச்சு. நீயும் போய் அங்க தொடைக்கப் போறியா?" என் பேச்சை நம்பித்தான் அவள் மகளை எதிர்த்தாள். அது எனக்கு அப்போதே உறுத்தியது.

மகள் என்னை மட்டும் பார்த்தாள்.

"இன்டர்வியூல, ஏன் எங்க ஊருனு கேட்டாங்க நைனா. எங்கப்பா கப்பல்ல பதினாலு முறை அங்க வந்திருக்காரு, அந்த ஊர் டாக்டரைப் பத்திக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்னு சொன்னேன். நீ இன்னாடான்னா ஈ காக்கா இல்லன்ற."

ஏழு கடல் தாண்டி யாரோ மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து என் ரீலைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். மச்சான் முன்னால், மனைவி முன்னால், "நான் கரைக்கே போனதில்லை" என்று எப்படிச் சொல்வது? என் கோபம் முழுவதும் அவள் மேல் திரும்பியது. எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. பாம்பு என்றேன், முதலை என்றேன், புயல் என்றேன், ஒரு தமிழன் முகம் பார்க்க முடியாது என்றேன். கடைசியில், அந்த ஊர் என்றால் ஸ்பான்சர் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அந்தப் பத்திரம்தான் எல்லாம். படிப்புச் செலவுக்கு நான் பொறுப்பு என்று நோட்டரி முன்னால் நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் இல்லை. வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்த ஊரின் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் தனியாகச் சாப்பிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் மனைவி நடுவில் நின்று பாத்திரங்களை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தத்தோடு கழுவினாள். நான் வீட்டில் இருப்பதே வருஷத்துக்கு மூன்று நான்கு மாதம். அதில் மூன்று நாளை இப்படி வீணடிக்கிறாளே என்று மகள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் பத்திரத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். "டோல்கேட்டாண்ட நோட்டரி கீறாரு. வா. கையெழுத்துப் போடு, இல்ல போடமாட்டேன்னு அவரு முன்னால சொல்லு. இப்படி முகத்தைத் தூக்கி வச்சுகினு உக்காராத."

சரி, வழியில் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஆட்டோவில் ஏறினேன். நெடுஞ்சாலையில் ஏறியதுமே நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஊரு வேணாம்மா. பதினாலு தபா போயினு வந்தவன் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

"மலை மேல ஆஸ்பத்திரி, ஜன்னல்ல கடல்னு நீதான சொன்ன?"

"மலையே இல்ல அங்க."

"தெரியும். மேப்ல பாத்தேன். ஊரே தட்டையா கீது."

"தெரியுமா? அப்ப இன்னாத்துக்கு இத்தனை நாளா சும்மா இருந்த?"

"நீ வாயத் தொறக்கறியானு பாத்தேன். மூணு நாளா பாத்துகினு கீறேன்."

ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் லாரி, இறங்கி ஓடக்கூட இடமில்லை.

"நான் அந்த ஊர்ல காலே வச்சதில்ல" என்றேன். "நங்கூரத்துல நிப்போம். கரி ஏத்துவோம். கிளம்பிடுவோம். ஒரு தபா பாலத்து கேட் வரைக்கும் போனேன். அவ்ளோதான்."

ஆட்டோக்காரர் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். "பதினாலு தபானு இப்பதான சார் சொல்லிகினு வந்த? ஒரு தபா கூட இறங்கலியா? இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது."

"நீ ரோட்டைப் பாருயா."

"ரோடு எங்க சார் கீது? லாரிதான் கீது."

மகள் சிரிக்கவில்லை. சின்னக் குரலில் கேட்டாள்.

"டாக்டரம்மா?"

மலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா மட்டும் எப்படியோ இருப்பார் என்று உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறாள். இருபது வயதுப் பெண்.

"ஒரு புக்குல படம் பாத்தேன். வேற எதுவும் கிடையாது."

அவள் வெளியே பார்த்தாள். லாரியின் பின்பக்கத் தகரம்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் அழக்கூடாதுனா அது சொர்க்கம். நான் போகக்கூடாதுனா அது நரகம். ரெண்டும் நீ பாக்காத ஊரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னைப் பத்தியும் கப்பல்ல இப்படித்தான் சொல்லிகினு இருந்தியா?"

அவள் கேட்டது உண்மை. என் மகள் மாநிலத்திலேயே முதலாவது, பரதம் ஆடுவாள், நான் போன் செய்யவில்லை என்றால் சாப்பிடமாட்டாள் என்றெல்லாம் கப்பலில் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் பரதம் ஆடியதில்லை. எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதையே சில வருஷம் மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். பதில் இல்லாதவன் என்ன செய்வான்? கத்தினேன்.

"ஆமா, பாக்கலதான்! ஊர் சுத்திப் பாக்கவா போனேன்? உன்னைப் படிக்க வைக்கத்தான் அந்தச் சூட்டுல கிடந்து வெந்தேன்!"

"அதுக்கு ரொம்ப தேங்க்ஸ். அது வேற, இது வேற."

"இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? எல்லாம் கப்ஸான்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்ப சிட்டிக்கே போ."

"நீ சொன்னதுக்காகவா போறேன்னு நெனச்ச?" என்றாள். "ஆறு வயசுல வேணும்னா நம்பியிருப்பேன். ரெண்டு காலேஜ் பாடத்தையும் வரி வரியா படிச்சேன் நைனா. அங்க படிக்கிற பசங்க நாலு பேராண்ட பேசினேன். எனக்கு அதுதான் வேணும். டாக்டர் இல்லாததாலதான் அங்க காலேஜே வச்சிருக்கான். உன் டாக்டரம்மா இருந்தா எனக்கு அங்க இன்னா வேல?"

ஆட்டோக்காரர் முன்பக்கம் பார்த்தபடியே, "பாப்பா பாயின்டா பேசுது சார்" என்றார். அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. லாரிகள் நகர்ந்ததால் பிழைத்தார்.

நோட்டரி அலுவலகத்தில் நான் போட்ட கையெழுத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. "சொந்தப் பொண்ணுக்குத்தானே சார் போடுறீங்க, இவ்ளோ கோபம் ஏன்?" என்று அவர் வேறு பத்திரம் அடித்துக் கொடுத்தார். இரண்டாவது முறை ஒழுங்காகப் போட்டேன். நான் அந்த ஊரில் இறங்காததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மனைவி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மச்சான் ஒரு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

விமான நிலையத்திலும் நல்லபடியாக வழியனுப்பினேன் என்று சொல்ல முடியாது. பருப்புப் பொடி, ஊறுகாய், கருவாடு என்று அவள் அம்மா பெட்டியை அடைத்திருந்தாள். கருவாட்டை எடு, அந்த நாட்டில் உள்ளே விடமாட்டான் என்றேன். "உனக்கெப்படித் தெரியும், நீ இறங்கியா பாத்த?" என்று மகள் என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். நான் அங்கேயே பெட்டியைப் பிரித்துக் கருவாட்டைத் தூக்கி வெளியே போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஒரு வாரம் "வந்துட்டேன்", "ரூம் ஓகே", "கிளாஸ் இருக்கு" என்று துண்டுத் துண்டாக மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் போன் வந்தது. மனைவி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"எப்படிக் கீது ஊரு?" என்று கடுப்போடுதான் கேட்டேன்.

"சூப்பரா கீது நைனா" என்று ஆரம்பித்தாள். வீட்டுக்கார அம்மா வியாழக்கிழமைதோறும் எலுமிச்சை கேக் சுடுகிறார். பக்கத்து வீட்டு நாய்க்கு மூன்று கால்தான், ஆனால் இவளைக் கண்டால் வேலியைத் தாண்டி ஓடிவருகிறது. தபால்காரர் இவளிடம் கேட்டு வணக்கம் சொல்லப் பழகிவிட்டார். லைப்ரரியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பச்சை மெத்தை போட்டது, அதை எல்லோரும் இவளுக்கென்றே விட்டுவைக்கிறார்கள். வகுப்பில் ஒரு பெண் இவள் பேசுவதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டதாம். எங்கும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

இப்படி போனில் ரீல் விடுகிற வேலையைப் பல வருஷம் செய்தவன் நான். ஒரு ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆனவளுக்கு இத்தனை விவரம் தெரியாது. தன் அறை தெரியும், பசி தெரியும், நேரத்துக்கு வராத பஸ் தெரியும். உண்மையைச் சொல்கிறவர்கள் நடுவில் தடுமாறுவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். இவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"இல்லியே. ஏன் நைனா?"

"சும்மா கேட்டேன்." "அந்த நாய்க்கு எந்தக் கால் இல்ல?"

"முன்னங்கால்" என்றாள், யோசிக்காமல். "இடது பக்கம்."

திட்டியிருக்கலாம். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டியிருக்கலாம். மூன்று நாள் வீட்டை நரகமாக்கியவனுக்கு அதற்கு உரிமை இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், "அப்புறம்?" என்று கேட்டேன். அவள் இன்னும் பத்து நிமிஷம் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

போனை வைத்தபோது மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாயா சொன்னா? நல்லா கீறாளாமா?"

"நல்லா கீறேன்னு சொல்றா." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பொய் சொல்றா மே. போன் போட்டு நீ பேசு."

"பொய்யா? அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்த ஊர்ல இறங்கினதே இல்ல" என்றேன்.